58-க்கு 60: கரப்பான் நோய்க்கு வந்த பாக்டீரியா மருந்து ஏன் தோற்றது?

2021 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் ஃபோர்ட்டே பயோசயின்சஸ் நிறுவனம் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்று மருத்துவர்கள் எழுதும் கரப்பான் நோய்க்கு, உயிருள்ள பாக்டீரியாவைத் தோலில் போடும் எஃப்.பி-401 என்ற மருந்தின் இரண்டாம் கட்ட ஆய்வு அது. இரண்டு வயதுக் குழந்தைகளிலிருந்து பெரியவர்கள்வரை 124 பேர் கலந்துகொண்டார்கள். 16 வாரம் கழித்துப் பார்த்தால், மருந்து போட்டுக்கொண்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு நோய் பாதியாவது குறைந்திருந்தது. கேட்க நல்ல எண்தான். பாக்டீரியா இல்லாத வெறும் திரவத்தைப் போட்டுக்கொண்டவர்களில் அந்த எண் 60.

நிறுவனத்தின் பங்கு விலை உடனே 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. எஃப்.பி-401 கைவிடப்பட்டது. பங்குச் சந்தைக்கு அத்தோடு கதை முடிந்தது. கரப்பான் உள்ள குழந்தையை வைத்திருக்கும் வீடுகளுக்கு முடியவில்லை. பாக்டீரியாவிலிருந்து வரும் தோல் மருந்துகளில் இவ்வளவு ஆழமான ஆய்வுக்கூட வேலையோடு வந்தவை குறைவு. அது எங்கே சறுக்கியது என்று தெரிந்துகொண்டால், நல்ல பாக்டீரியா என்று சொல்லி இனி கடைக்கு வரப்போகும் ஒவ்வொரு 'புரோபயாட்டிக்' களிம்பையும் எப்படிப் பார்ப்பது என்பதும் தெளிவாகும்.

பாக்டீரியாவின் பெயர் ரோசியோமோனாஸ் மியூகோசா. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தால் இளஞ்சிவப்பாகப் புள்ளிபுள்ளியாக வரும். ஆரோக்கியமான பலரின் தோலில் இயல்பாகவே இருப்பது. நோய் எதிர்ப்பு மிகவும் குறைந்தவர்களுக்கு, குறிப்பாக ரத்தக்குழாயில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் பொருத்தியவர்களுக்கு, எப்போதாவது ரத்தத்தில் தொற்றை உண்டாக்கியதும் உண்டு. மற்றபடி சாதுவான கிருமி.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில், ஒவ்வாமை மற்றும் தொற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர் இயன் மைல்ஸ் இதைக் கையில் எடுத்தார். கரப்பான் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பெருகிக் கிடக்கும் என்பது பழைய செய்தி. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், புண்ணான இடத்தில் சுமார் 70 சதவீத நோயாளிகளிடம் அது இருந்தது. அதனால் எல்லோருடைய கண்ணும் அதன் மேலேயே இருந்தது. மைல்ஸின் குழு, செல்சுவரின் அமைப்பில் அதிலிருந்து வேறுபட்ட கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களைத் தேடியது; ரோசியோமோனாஸ் அந்த வகை. 2016-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு வினோதம் தெரிந்தது. ஆரோக்கியமானவரின் தோலிலிருந்து எடுத்த ரோசியோமோனாஸை எலிகளின் தோலில் போட்டால் அழற்சி தணிந்தது. கரப்பான் நோயாளியின் தோலிலிருந்து எடுத்த அதே இனப் பாக்டீரியாவைப் போட்டால் தணியவில்லை, சில சோதனைகளில் மோசமானது. பெயர் ஒன்று, வேலை வேறு. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். டப்பாவில் பாக்டீரியாவின் இனப்பெயரை மட்டும் அச்சிட்டு விற்பதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்ற கேள்வியை அது அன்றைக்கே எழுப்பிவிட்டது.

அப்புறம் மனிதர்கள். 2018-இல் வந்த முதல் ஆய்வில் 10 பெரியவர்களும், 9 முதல் 14 வயதுவரையிலான 5 சிறுவர் சிறுமியரும் இருந்தார்கள். ஆரோக்கியமானவர்களிடமிருந்து எடுத்த ரோசியோமோனாஸைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, முழங்கை மடிப்பில் வாரம் இரண்டு முறை தெளித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு 6 வாரம். அளவு படிப்படியாகக் கூட்டப்பட்டது. குழந்தைகளுக்கு இன்னும் நீண்ட காலம். பெரியவர்களில் 6 பேருக்கும், குழந்தைகளில் 4 பேருக்கும் நோய் பாதிக்கு மேல் குறைந்தது. ஸ்டீராய்டு களிம்பின் தேவையும் குறைந்தது. 2020-இல் 3 முதல் 16 வயதுவரையிலான 20 குழந்தைகளின் முடிவு வந்தது: 17 பேருக்குப் பாதிக்கு மேல் முன்னேற்றம், அதுவும் தெளிப்பதை நிறுத்திய பிறகு 8 மாதம்வரை நீடித்தது. கூடவே அது எப்படி வேலை செய்யலாம் என்ற விளக்கமும் இருந்தது. இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் கொழுப்புப் பொருள்கள், தோல் செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும் ஒரு சமிக்ஞையைத் தூண்டுகின்றன என்று செல்களிலும் எலிகளிலும் காட்டியிருந்தார்கள்.

இந்த விளக்கம் லேசானதல்ல. கரப்பானில் அடிப்படைக் கோளாறு தோல் என்ற தடுப்பில் இருக்கிறது. ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்பது 2006-லிருந்தே தெரியும். தடுப்பு ஓட்டையானால் ஈரம் வெளியேறும், தூசியும் கிருமியும் உள்ளே போகும், உடல் அழற்சியால் பதில் சொல்லும், அரிக்கும், சொறிந்தால் ஓட்டை பெரிதாகும். அந்தச் சுற்றைத் தடுப்புச் சுவரிலேயே உடைக்க ஓர் உயிரினம் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஸ்டீராய்டு களிம்பைக் கண்டு பயப்படும் பெற்றோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 'இயற்கையாகத் தோலில் இருப்பதையே திரும்ப வைக்கிறோம்' என்ற வாக்கியம் அந்தப் பயத்துக்கு மருந்து மாதிரி வந்து விழுந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் ஒரு விஷயம் இல்லை. ஒப்பிட இன்னொரு குழு. எல்லோருக்கும் பாக்டீரியா, எல்லோருக்கும் அது பாக்டீரியா என்று தெரியும். முதல் கட்டத்தில் இது தப்பில்லை. அந்தக் கட்டத்தில் பாதுகாப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும், உயிருள்ள கிருமியை மூன்று வயதுக் குழந்தைக்குத் தெளிக்கும்போது அதைத்தான் பார்க்கவும் வேண்டும். ஆராய்ச்சியாளர்களும், மருந்தில்லாத போலி மருந்தோடு ஒப்பிடும் பிளாசிபோ ஆய்வு தேவை என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் '20-இல் 17' என்ற எண் அதன் எல்லைகளை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றத் தொடங்கியது. ஃபோர்ட்டே நிறுவனம் உரிமம் பெற்று, மூன்று வகை ரோசியோமோனாஸைச் சேர்த்த எஃப்.பி-401-ஐ பிளாசிபோவோடு மோதவிட்டபோதுதான், 20-இல் 17, அதாவது 85 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய எண் தெரிந்தது.

இனி அந்த 60. பலர் இதைப் படித்துவிட்டு 'பாக்டீரியா வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்கள். அறுபது சதவீதம் பேர் எதுவும் இல்லாத திரவத்தைத் தெளித்தே பாதிக்கு மேல் தேறினார்கள் என்றால், அது எப்படி நடந்தது என்பதல்லவா முதல் கேள்வி?

கரப்பான் ஏறி இறங்கும் நோய். ஒரு மாதம் கையைத் தொடவிடாது, அடுத்த மாதம் தானே அடங்கும். ஆய்வில் சேர யார் வருவார்கள்? ஏறியிருக்கும்போதுதான் வருவார்கள். ஏறியிருக்கும் நாளில் அளந்து, நான்கு மாதம் கழித்து மறுபடி அளந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் சராசரி கீழேதான் இருக்கும். அதோடு, ஆய்வில் சேர்ந்தவர்கள் வீட்டில் ஒழுங்கு வருகிறது. மாய்ஸ்சரைசர் மறக்காமல் போடப்படுகிறது. குறித்த நாளில் மருத்துவரைப் பார்க்கிறார்கள். தெளிக்கும் திரவமே வறண்ட தோலுக்கு ஈரம்.

இன்னொன்று, அளவுகோல். ஆய்வில் பயன்படுத்திய ஈஸி என்ற மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். உடலைத் தலை-கழுத்து, கைகள், நடுவுடல், கால்கள் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் நான்கு அடையாளங்கள்: சிவப்பு, தடிப்பு, சொறிந்த கீறல், தோல் கெட்டியாகி வரிவரியாகிப் போவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. பிறகு நோய் பரவிய பரப்புக்கு 0 முதல் 6. இரண்டையும் பெருக்கி, அந்தப் பகுதி உடலில் எவ்வளவு என்ற பங்கால் மறுபடி பெருக்க வேண்டும். 8 வயதுக்கு மேல் கைகளுக்கு 0.2, கால்களுக்கு 0.4. அதிகபட்சம் 72.

10 வயதுச் சிறுவன் ஒருவனை வைத்துக் கணக்குப் போடுவோம். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் மட்டும் கரப்பான், பரப்பு இரண்டு இடத்திலும் 10 சதவீதத்துக்குக் கீழே, அதாவது பரப்பு மதிப்பெண் 1. சிவப்பு 2, தடிப்பு 2, கீறல் 2, வரி 1, கூட்டினால் 7. கைகளுக்கு 7 × 1 × 0.2 = 1.4. கால்களுக்கு 7 × 1 × 0.4 = 2.8. மொத்தம் 4.2, லேசான கரப்பான் என்ற வகை. நான்கு மாதத்தில் ஒவ்வோர் அடையாளமும் ஒரே ஒரு படி இறங்கினால் 7 என்பது 3 ஆகும். மொத்தம் 1.8. 57 சதவீதம் குறைந்துவிட்டது! பாதிக்கு மேல் முன்னேற்றம், ஆய்வின் கணக்கில் வெற்றி. மருத்துவரின் கண்ணுக்கு 'நடுத்தரச் சிவப்பு' என்பது 'லேசான சிவப்பு' ஆனதும், கீறல் கொஞ்சம் ஆறியதும்தான் நடந்திருக்கிறது. வெயில் காலம் போய்ப் பள்ளி திறந்தால்கூட நடக்கக்கூடிய மாற்றம் இது.

இந்த மதிப்பெண்ணில் அரிப்பு கிடையாது. தூக்கமும் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து முழங்காலைச் சொறிவதும், தாய் அதன் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பதும் எந்தப் பெருக்கலிலும் வருவதில்லை. லேசான, நடுத்தர நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதி குறைந்தால் போதும் என்று கோட்டைப் போட்டால், மருந்து உண்மையிலேயே ஓரளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் கோட்டில் அது தெரியாமலே போகலாம். எஃப்.பி-401-க்கு அந்தச் சலுகையை நான் கொடுக்கவில்லை. 58-ம் 60-ம் ஒட்டிக் கிடக்கின்றன, பலன் இருந்ததற்கான சின்ன அடையாளம்கூட அதில் இல்லை. அளவுகோலைப் பற்றிய குறை அப்படியே நிற்கிறது.

கரப்பானுக்குப் போடும் டுபிலுமாப் என்ற ஊசியின் ஆய்வைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும். 2016-இல் வெளியான அதன் ஆய்வுகளில் ஒன்றில், நடுத்தரம் முதல் கடுமைவரையிலான நோயாளிகளைத்தான் எடுத்தார்கள். கோடும் உயரம்: 75 சதவீதம் குறைய வேண்டும். 16 வாரத்தில் ஊசி போட்டவர்களில் 51 சதவீதம் பேர் தாண்டினார்கள், பிளாசிபோவில் 15. லேசான நோயாளிகளை எடுத்து, பாதி போதும் என்று கோட்டைத் தாழ்த்தினால் இவ்வளவு இடைவெளி கிடைப்பது கடினம்.

எவெலோ பயோசயின்சஸ் நிறுவனத்தின் அனுபவமும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. மனிதக் குடலிலிருந்து பிரித்த பிரெவொட்டெல்லா ஹிஸ்டிகோலா என்ற பாக்டீரியாவின் ஒரே ஒரு வகையை, உயிரற்ற நிலையில், வாய்வழி மருந்தாக்கினார்கள். குடலில் போய் வேலை செய்து தோலில் பலன் காட்ட வேண்டும் என்பது எண்ணம். தோலில் செதில் படியும் சோரியாசிஸ் நோயில் 249 பேரிடம் செய்த இரண்டாம் கட்ட ஆய்வில், மருந்துக் குழுக்களில் 25 முதல் 32 சதவீதம் பேருக்கு நோய் பாதியாவது குறைந்தது. பிளாசிபோவில் 12 சதவீதம். சோரியாசிஸ் செதில்கள் கரப்பான் மாதிரி மாதத்துக்கு மாதம் ஆடுவதில்லை, அதனால் பிளாசிபோக் குழு அசையாமல் இருந்தது, சுமாரான பலன்கூடக் கண்ணுக்குப் பட்டது. அதே மருந்தைக் கரப்பானுக்குக் கொண்டுபோனதும் 2023 பிப்ரவரியில் ஆய்வு தோற்றது. பிளாசிபோக் குழுவும் நன்றாகத் தேறியதைத்தான் நிறுவனம் காரணமாகச் சொன்னது. அதே வருடம் நவம்பரில் நிறுவனத்தையே கலைக்க முடிவெடுத்தார்கள்.

இந்தத் துறையில் சரியாகக் கேள்வி கேட்ட ஆய்வு எது என்று என்னைக் கேட்டால், சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் காலோவின் குழு செய்ததைச் சொல்வேன். ஆரோக்கியமான தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் பாக்டீரியாவில் ஏ9 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது கரப்பான் தோலில் பெருகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கும், ஆரியஸ் நஞ்சு உண்டாக்கத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞையையும் கெடுக்கும். 2021-இல் வெளியான முதல் கட்ட ஆய்விலேயே 54 பெரியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள்: 36 பேருக்கு ஏ9, 18 பேருக்கு வெறும் களிம்பு. ஆரியஸ் உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள். ஒரு வாரம்தான் போட்டார்கள். ஆரியஸ் குறைந்தது. மொத்தமாகப் பார்த்தால் கரப்பானின் கடுமையில் இரண்டு குழுவுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் யாருடைய தோலில் இருந்த ஆரியஸ் வகை ஏ9-ஆல் சாகக்கூடியதோ, அவர்களிடம் முன்னேற்றத்தின் சாயல் தெரிந்தது. யாருக்கு எந்தப் பாக்டீரியா என்ற கேள்வியை முதலிலேயே ஆய்வுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சின்ன ஆய்வு, அடக்கமான முடிவு. 20-இல் 17-ஐ விட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

வாய்வழி புரோபயாட்டிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபின்லாந்தின் துர்க்கு நகரில், ஒவ்வாமை உள்ள குடும்பங்களில் 159 தாய்மார்களை எடுத்து, பிரசவத்துக்கு முன் தாய்க்கும் பிறந்த பின் 6 மாதமும் லாக்டோபாசில்லஸ் ஜிஜி என்ற புரோபயாட்டிக் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இரண்டு வயதில் கரப்பான் வந்தவர்கள் 23 சதவீதம், பிளாசிபோவில் 46. 2001-இல் வந்த இந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஏறக்குறைய அதே முறையை ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் திரும்பச் செய்தபோது பலன் எதுவும் வரவில்லை. ஏற்கெனவே கரப்பான் வந்தவர்களுக்குப் புரோபயாட்டிக் கொடுத்த 39 ஆய்வுகளை, மொத்தம் 2,599 பேரை, 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு சேர்த்துப் பார்த்தது. அறிகுறிகளில் வித்தியாசம் மிகக் குறைவு அல்லது இல்லை என்பதுதான் அதன் முடிவு. கரப்பானுக்கென்று இந்த மாத்திரைகளுக்கு மாதாமாதம் செலவு செய்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ரோசியோமோனாஸ் பிறகு என்ன ஆனது? மைல்ஸின் குழு விடவில்லை. 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நுரைப்பஞ்சு, பசை, வண்ணப்பூச்சு போன்றவற்றின் தயாரிப்பில் பயன்படும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் காற்றில் அதிகமுள்ள இடங்களில் கரப்பானும் அதிகம் என்றும், அது தோலின் நல்ல பாக்டீரியாக்கள் கொழுப்புப் பொருள்களை உண்டாக்கும் வழியைக் கெடுக்கிறது என்றும் சொன்னார்கள். நோயாளியின் ரோசியோமோனாஸ் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்ற 2016-ஆம் ஆண்டின் கேள்விக்கு இது ஒரு சாத்தியமான பதில். உயிரியல் பக்கம் இன்னும் சுவாரஸ்யமாகவே இருக்கிறது. 2024 ஜூனில், தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சியை அடியொற்றிய ரோசியோமோனாஸ் தயாரிப்பு ஒன்று, ஸ்கினீசா நிறுவனத்தின் மூலம் டிஃபென்சின் என்ற பெயரில் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பனைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. மருந்தாக வர வேண்டுமென்றால் பிளாசிபோவை வென்று காட்டியாக வேண்டும். கடைப் பொருளாக வர அந்தப் படி இல்லை. பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை என்பது உண்மை, விலை உயர்ந்த ஊசிகளுக்குப் போக முடியாதவர்கள் கைக்கு எட்ட வேண்டும் என்ற எண்ணத்தையும் மதிக்கிறேன். ஆனாலும் இந்த இனத்தை வைத்து ஒரே ஒரு பெரிய பிளாசிபோ ஆய்வு நடந்து, அதுவும் 58-க்கு 60 என்று முடிந்திருக்கிறது. எட்டு மாதம் பலன் நீடித்தது என்ற பழைய வரியைப் படிக்கும் பெற்றோர் இதையும் சேர்த்துப் படிக்கும் உரிமை உள்ளவர்கள்.

நான் பார்க்க விரும்பும் ஆய்வு இதுதான். நடுத்தரத்துக்கு மேல் நோய் உள்ளவர்கள். முதல் நான்கு வாரம் எல்லோருக்கும் ஒரே மாய்ஸ்சரைசர் மட்டும்; அதிலேயே தேறுகிறவர்கள் தேறட்டும். மிஞ்சியவர்களை மட்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கோடு 75 சதவீதம். அரிப்பும் தூக்கமும் முதன்மை அளவுகளில் சேர வேண்டும்.

வீட்டில் இப்போதே இப்படியொரு தயாரிப்பை முயல நினைப்பவர்கள், தோல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு முழங்கை மடிப்பில் மட்டும் போடுங்கள். மற்ற மடிப்பில் அதே நேரத்தில் வழக்கமான மாய்ஸ்சரைசர். மருத்துவர் எழுதிய களிம்பை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தொடருங்கள். வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் இரண்டு கையையும் படம் எடுத்து, எந்தக் கை எது என்று தெரியாத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தே ஆறினால் அந்தப் புட்டியை மறுபடி வாங்க வேண்டியதில்லை. வீட்டில் கீமோதெரபி எடுப்பவரோ, கதீட்டர் பொருத்தியவரோ இருந்தால் உயிருள்ள பாக்டீரியாத் தயாரிப்பை வாங்குவதற்கு முன்பே அவருடைய மருத்துவரையும் கேட்டுவிடுங்கள்.